முளையில் கட்டிய துண்டு

ஏட்டு வந்து வாசலில் கூப்பிட்டபோது தண்ணிக்காரம்மா கொல்லைப்புறத்தில் பீப்பாய்க்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையில் முதல் நடை ஆஸ்பத்திரிக்கு. பாசி வாடை துளி வந்தாலும் அங்கே இருக்கும் பெரிய நர்ஸ் முகத்தைச் சுளிப்பாள் என்பதால், வேறு யார் பீப்பாய் எப்படியிருந்தாலும் இவள் பீப்பாய் மட்டும் குடம்போல் பளிச்சென்று இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. புருஷன் போன பிறகு, பொம்பளை வண்டி ஓட்டுவதாவது என்று சிரித்த தெருவில் தானே வண்டியேறி, சிரித்தவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் ஊற்றியவள் அவள்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க மாடு எங்கம்மா?" என்றார் ஏட்டு.

"வாசல்லதான் நிக்குது. எங்க போயிடும்?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தாள். மாடு கட்டும் முளை மட்டும் இருந்தது. மயிலைக்காளை இல்லை. முளையின் கழுத்தில் ஒரு துண்டு முடிச்சிட்டுத் தொங்கியது. வெள்ளைத் துண்டு என்று சொல்ல முடியாது. எந்த நிறத்தில் வாங்கினாலும் ஒரே வாரத்தில் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்துவிடும் துண்டு அது. தெருவில் அப்படியொரு துண்டு ஒரே ஆளிடம்தான் உண்டு. எதிர்வரிசையில் காளவாய் வைத்திருக்கும் சுண்ணாம்புக்காரர்.

அந்த ஆளோடு அவளுக்குப் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. காற்றடித்தால் காளவாய்த் தூசி அவள் பீப்பாய்க்குள் விழுகிறது என்று இவள் கேட்க, பீப்பாயை மூடி வைக்கத் துப்பில்லையா என்று அவர் கேட்க, அன்றைக்குத் தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு அவர் வந்தால் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவள் வண்டி போனால் அவர் வேண்டுமென்றே காறித் துப்புவார். அப்பேர்ப்பட்டவர் கடைசியில் தன் மாட்டிடம்தான் வந்து நிற்க வேண்டியதாயிற்று என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"நீங்க குடுத்தீங்களா?" என்றார் ஏட்டு.

வாய் சும்மா இருந்திருக்கலாம். "அந்த ஆளுக்கு நான் எதுக்குய்யா குடுக்கறேன்?" என்றாள்.

ஏட்டுக்கு அது போதுமாயிருந்தது. துண்டை அவிழ்த்து, உதறாமல், பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "திருட வந்த இடத்துல தடயத்தை விட்டுட்டுப் போயிருக்கான், முட்டாப்பய" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் தண்ணிக்காரம்மாவுக்கு அவர் சொன்ன வார்த்தை உறைத்தது. திருட வந்த இடமா? 'யோவ், அது அதுக்கில்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அந்தத் தெரு வண்டிக்காரர்களின் தெரு. விறகு, தண்ணீர், மணல், சுண்ணாம்பு என்று ஏதாவதொன்றை ஏற்றியிறக்கிப் பிழைப்பவர்கள். ஒருவர் மாட்டுக்குக் காலில் புண் என்றால் பக்கத்து வீட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகலாம். கேட்க வேண்டியதில்லை. தன் துண்டை அந்த முளையில் கட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நான் எடுத்திருக்கிறேன், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து கட்டுவேன் என்று அதற்கு அர்த்தம். கொண்டுவந்து கட்டும்போது மாட்டின் வயிறு நிறைந்திருக்க வேண்டும். தன் மாட்டை யாரும் தொடக்கூடாது என்று நினைப்பவர் முளையைக் கொல்லையில் அடித்துக்கொள்ளலாம்; யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, கொஞ்சம் கஞ்சன் என்று பேர் வரும். தெருப்பக்கம் முளையடித்தவர்கள் எல்லாரும் அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்தவர்கள். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. துண்டு கட்டிப் போன மாடு திரும்பி வராமல் இருந்ததாக அந்தத் தெருவில் ஒரு கதைகூடக் கிடையாது.

ஆனால் கடல் தாண்டி வந்தவர்களுக்குத் துண்டைப் பற்றி என்ன தெரியும்? அவர்களுடைய பண்ணைகளில் மாடுகள் காணாமற்போயின என்று ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் திருட்டுக்கும் அந்தஸ்து உண்டு. கோழியைத் திருடினால் அபராதம். ஆட்டைத் திருடினால் சிறை. மாடு, குதிரை என்று போனால் சந்தை மைதானத்தில் சட்டையைக் கழற்றிக் கசையடி. அடுத்தவர் மாட்டை ஓட்டிப் போகிறவன் கையில் சொந்தக்காரர் கொடுத்த சீட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் திருடன்தான். திருடவில்லை என்று நிரூபிப்பது அவன் பாடு. பெண்களுக்கு மட்டும் கசையடி கிடையாது, சிறைதான். அதைப் பெரிய கருணையாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். காளவாயைப் பிரித்துச் சுட்ட கல்லை வண்டியில் ஏற்றி வைத்திருந்தார் சுண்ணாம்புக்காரர். விடியற்காலையில் பார்த்தால் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. நீறாத சுண்ணாம்பில் மழை விழுந்தால் கொதித்து வெடித்து வண்டியையே எரித்துவிடும். சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் மண்டிக்காரரின் கூரைக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் தப்பித்தது. அவருடைய மாடோ குளம்பு வீங்கிப் படுத்திருந்தது. எதிரே தண்ணிக்காரம்மாவின் மயிலைக்காளை நின்றது. கதவைத் தட்டியிருக்கலாம். தட்டினால் பேச வேண்டிவரும். துண்டைக் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சாவடியில் சீட்டுக் கேட்டார்கள். சீட்டுக்கு எங்கே போவார்? அவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தபோதே மழை கொட்டியது. மாட்டை அவிழ்த்து ஓட்டிப் போன போலீஸ்காரர்களுக்கு வண்டியைப் பற்றி அக்கறையில்லை. சுண்ணாம்பு புகைந்து, பலகை கருகி, கடைசியில் சக்கரத்து இரும்புப் பட்டை மட்டும் மிஞ்சியது.

மறுநாள் சுண்ணாம்புக்காரரின் சம்சாரம் வந்தாள். படியேறாமல் பீப்பாயின் பக்கத்திலேயே நின்றாள். ஆம்பளைகள் சண்டை போட்டாலும் பொம்பளைகள் பேசிக்கொள்வது உண்டு. இங்கே சண்டை போட்டவர்களில் ஒருத்தி பொம்பளையாகிவிட்டதால் அதுவும் நின்றுபோயிருந்தது.

"அக்கா, உங்களைச் சாட்சியாப் போட்டிருக்காங்களாம்."

"தெரியும்."

"கேட்டுட்டுத்தான் எடுத்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. ஒரே ஒரு வார்த்தை."

"பொய்யச் சொல்லச் சொல்றியா?"

"அந்த முதுகு தாங்காதுக்கா." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தண்ணிக்காரம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், நாலு திட்டுத் திட்டி அனுப்பியிருப்பாள். "நெருப்புல வெந்த முதுகு. ராத்திரி மல்லாந்து படுக்கக்கூட மாட்டாரு. அதுல போய்…"

"சரி, நீ வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னாள்.

அவள் போன பிறகு தண்ணிக்காரம்மா இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மாடு போலீஸ் கொட்டடியில் சாட்சிப்பொருளாக நின்றது. திருட்டு என்று தீர்ப்பானால் அன்றைக்கே அவிழ்த்துத் தருவதாகவும், இழுபறியானால் கேஸ் முடியும்வரை தரமுடியாது என்றும் ஏட்டு ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் போதும், கேட்கவில்லை, கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று புத்திமதி வேறு. நடக்க நடக்கத் தண்ணீர் தளும்பி ரவிக்கை நனைந்தது. அவளுக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. கதவைத் தட்டியிருந்தால் என்ன, அந்த ஆளின் நாக்கு அறுந்தா விழுந்திருக்கும்? தன் வாய் அன்றைக்குக் கொஞ்சம் மூடிக் கிடந்திருந்தால் என்ன?

கேட்டார், கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கேட்டவன் எதற்குத் துண்டு கட்டினான் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்ன சொல்வது? தவறி விழுந்தது என்றா? முடிச்சுப் போட்டுக் கட்டிய துண்டு எங்கேயாவது தவறி விழுமா? அதையெல்லாம்விட அவளைக் குடைந்தது வேறொன்று. தன்னோடு ஜென்மப் பகைபோலத் திரிந்த மனுஷன், தன் மாட்டை எடுக்கும்போதும் முறை தவறவில்லை. இவள் புரிந்துகொள்வாள் என்று நம்பித்தானே கட்டினார்? பேச்சில்லாத இடத்திலும் இருந்த நம்பிக்கை அது. பொய் சொல்லி அவரைக் காப்பாற்றினால் அவர் முதுகு தப்பிக்கும். அந்தத் துண்டு திருட்டுத் துண்டாகவே போய்விடும். அப்புறம் தெருவில் எவன் துண்டு கட்டுவான்? எல்லா முளையும் கொல்லைக்குப் போய்விடும். அந்தத் தெருவில் மருமகளாக வந்தவள் அவள். அவளுக்கு அந்தத் தெருவில் பிடித்ததே அதுதான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கோர்ட்டு நீளமான கட்டடம். மேலே துணி விசிறி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அது கிளப்பிய காற்று தீர்ப்புச் சொல்லும் துரையின் தலைக்கு மட்டும் போய்ச் சேரும்படி யாரோ கணக்காக மாட்டியிருந்தார்கள். துரைக்குச் சின்ன வயதுதான்; வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. அவர் முன்னால் மேசையில் அந்தத் துண்டு கிடந்தது. அதை யாராவது எடுத்துக் காட்டும்போதெல்லாம் தூசி பறக்க, துரை தும்மினார். தெருக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் வண்டியைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். உள்ளே இடமில்லை என்று தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். கதவருகே சிவப்புத் தலைப்பாகையும் பித்தளை வில்லையுமாக, சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி. அவர் அப்பாவும் அதே தெருவில் விறகுவண்டி ஓட்டியவர்தான். இவரும் இள வயதில் ஓட்டியிருக்கிறார். சர்க்கார் உத்தியோகம் வந்த பிறகு தெருமுனை வீட்டில் இருந்துகொண்டே தெருவைத் தெரியாதவர்போல நடந்துகொள்வார். தண்ணிக்காரம்மாவின் பெயரை முன்பின் அறியாத பெயரைப்போல மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார்.

எதிர்க்கூண்டில் சுண்ணாம்புக்காரர் தோளில் துண்டில்லாமல் நின்றார். துண்டில்லாமல் அவரை அவள் பார்த்ததேயில்லை. ஏதோ குறைந்துபோனவராக இருந்தார். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி கேட்டார். "எதிரி, இந்தச் சுண்ணாம்புக்காரன், உங்கிட்ட அனுமதி கேட்டானா?"

"கேக்கல."

ஏட்டு திருப்தியாகத் தலையாட்டினார். தாழ்வாரத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"நீ அனுமதி குடுத்தியா?"

"குடுத்தேன்."

ஏட்டின் தலை நின்றது. துரை நிமிர்ந்து பார்த்தார். "கேக்கவேயில்லைன்னு சொன்ன. எப்போ குடுத்த?" என்றார் துபாஷி.

"முளையடிச்ச அன்னைக்குக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப கொல்லையிலதான் மாடு கட்டுவோம். அவரு போனதும் நானே முளையப் பிடுங்கி வாசல்ல அடிச்சேன். தெருவுல யாருக்கு அவசரமோ அவங்க எடுத்துக்கட்டும்னுதான் அடிச்சேன். துண்டைக் கட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போகணும், வயித்தை நெறச்சுக் கொண்டாந்து கட்டணும். அதுதான் எங்க சட்டம். அந்தத் துண்டு தடயம் இல்லைங்க. அதுதான் சீட்டு." இன்னும் சொன்னாள். மணல்வண்டி, விறகுவண்டி, யார் முளை எங்கே இருக்கிறது, கஞ்சன்கள் யார் யார் என்பது வரைக்கும் சொன்னாள்.

துபாஷி துரையிடம் திரும்பி ஒரே வரியில் என்னவோ சொன்னார்.

"ஏங்க, நான் இவ்வளவு நேரம் பேசினது அம்புட்டுத்தானா?" என்றாள் அவள்.

தாழ்வாரம் சிரித்தது. துரைக்கு என்ன புரிந்ததோ, கையைக் காட்டி முழுவதையும் சொல்லச் சொன்னார். துபாஷி வேண்டாவெறுப்பாக முழுவதையும் சொன்னார். துரை பொறுமையாகக் கேட்டார். அதை அவள் கவனித்தாள். பிறகு அவர் ஒன்று கேட்டார்; துபாஷி அதைத் தமிழில் சொன்னார்.

"உனக்கும் அவனுக்கும் வருஷக்கணக்கா பேச்சு வார்த்தை இல்லையாம். பேசாதவனுக்குமா அனுமதி?"

"பேசறவங்க கதவைத் தட்டுவாங்க துரை. துண்டு பேசாதவங்களுக்குத்தான்."

இதைத் துபாஷி தானாகவே அப்படியே சொன்னார் என்று தோன்றியது. துரை மேசைமேல் இருந்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த முறை தும்மவில்லை.

சர்க்கார் தரப்பு இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவர் கெட்டிக்காரர். இப்படி ஒரு வழக்கம் உண்டென்றால், அப்படி மாட்டை எடுத்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றார். கேட்காமல் எடுத்தேன் என்று சொல்கிறவர்கள்மேலும் இதே சட்டம் பாயும் என்பதையும் சாட்சிக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றார். துபாஷி அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லும்மா. நீ யார் பேரைச் சொல்றியோ அவங்களுக்கும் கேஸ் வரும்."

அவள் தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மணல்வண்டிக்காரர், விறகுக்காரர்கள், எல்லாரும் எடுத்தவர்கள்தான். எல்லார் துண்டும் அவள் முளையில் ஒருநாள் தொங்கியிருக்கிறது. ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. அவளுக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. முதுகு என்றால் எல்லாருக்கும் முதுகுதான். சிறை என்றால் ஆஸ்பத்திரிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரை எழுதிக்குங்க" என்றாள். "நான் எடுத்திருக்கேன். இதோ நிக்கிறாரே, இந்த ஆளு மாட்டைத்தான் எடுத்தேன். பேச்சு நின்னதுக்கு அப்புறம்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரியில வாந்திபேதி வந்து பாய் போட எடமில்லாமக் கெடந்தாங்க. ஒரு மாட்டை வெச்சுக்கிட்டு ஓட்ட முடியல. எங்கிட்டத் துண்டு ஏது? முந்தானையக் கிழிச்சுக் கட்டிட்டு ஓட்டிக்கிட்டுப் போனேன். கேக்கல. கேக்கணும்னு தோணவும் இல்ல."

சொல்லி முடித்தபோது பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. வேண்டுமானால் சிறையில் வைக்கட்டும், திருடி என்று எழுதிக்கொள்ளட்டும். இந்த மாதிரி ஒரு தெரு இவர்கள் ஊரில் இருக்கிறதா?

"எடுத்தாங்க" என்று ஒரு குரல் கேட்டது. எதிர்க்கூண்டிலிருந்து சுண்ணாம்புக்காரர். பார்வை இன்னும் சுவரில்தான் இருந்தது. "வயிறு நெறைக்கிறேன்னு கண்டதையும் போட்டு, மறுநாள் என் மாடு எந்திரிக்கவே இல்ல."

"பட்டினியாக் கொண்டாந்து கட்டியிருந்தா அதுக்கும் ஒரு பேச்சுப் பேசியிருப்பீங்க" என்றாள் அவள் வெடுக்கென்று.

வருஷக்கணக்கில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது. அமைதி, அமைதி என்று இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டினார். துபாஷி இதை மொழிபெயர்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். அவர் சொன்னதைத் துபாஷி மெதுவாகச் சொன்னார். "ஒருத்தி சொல்லி ஊர் வழக்கம் ஆகாது. ஒரு பொம்பளைக்கு இதுல கசையடி கிடையாது, அதனால துணிஞ்சு சொல்லியிருக்கலாம். கசையடிக்கு உட்பட்டவன் எவனாவது வந்து சொல்லட்டும். இல்லேன்னா எதிரிக்குத் தண்டனைதான்."

தாழ்வாரத்தில் கால் மாற்றி நின்றார்கள். யாரோ இருமினார்கள். சுண்ணாம்புக்காரரின் சம்சாரம் கதவுச்சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேற சாட்சி இருந்தா கூப்பிடு" என்றார் துபாஷி டவாலியிடம்.

டவாலி கதவுக்கு வெளியே ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே திரும்பினார். சிவப்புத் தலைப்பாகையை இரண்டு கையாலும் கழற்றி ஜன்னல்கட்டையில் வைத்தார். வில்லையை அவிழ்த்து அதன்மேல் வைத்தார். அந்தத் தலையில் இவ்வளவு நரை இருந்தது தெருவில் யாருக்கும் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரை அதிர, தன் பெயரையும் தன் அப்பா பெயரையும் தானே மூன்று முறை கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, 'இதோ வந்துட்டேன் எசமான்' என்று நடந்து வந்து சாட்சிக்கூண்டில் ஏறினார்.

கூண்டு ஓர் ஆளுக்கு அடித்த கூண்டு. தண்ணிக்காரம்மா இன்னும் இறங்கவில்லை. இறங்கச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. அவள் ஒருபக்கமாக ஒதுங்கி அவருக்கு இடம் விட்டாள்.

"என்ன சொல்ற?" என்றார் துபாஷி.

"நானும் எடுத்தவன்தாங்க" என்றார் டவாலி.

இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்தார். துரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நிறுத்துவதற்கு ஆள் இல்லாததால், தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.